தலைவரின் நிறை

இராஜரட்ணத்தைக் கனடாவின் ஸ்காபரோவில் எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். தொண்ணூற்றேழாம் ஆண்டில் அவருடைய ஈரல் சுருங்கிக் கெட்டுவிட்டதென்று வைத்தியர் சொன்னபோது அவர் நம்பவில்லை. குளியலறைத் தராசைத்தான் நம்பினார். அது வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது.

“வருத்தக்காரனுக்கு நிறை கூடுமோ?” என்று மனைவி சந்திரவதனாவைக் கேட்டார்.

வயிறு முன்னே போக, அவர் பின்னே போனார். கல்யாண மண்டபங்களில் ‘ஆள் நல்லாய்த் தேறிட்டார்’ என்ற பாராட்டுகளைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கோட்டுக்குள் கைகள் குச்சியாகிக்கொண்டிருந்ததை ஒருவரும் காணவில்லை.

சங்கச் செயலாளர் சீமோனுக்கு ஈரலைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை.

“அண்ணை, மீன், முட்டை, பருப்பு எல்லாம் ஈரலுக்கு நஞ்சு. விடுங்கோ. கஞ்சி போதும்.”

தலைவர் கஞ்சி குடித்தார். தொட்டுக்கொள்ள ஊறுகாய். உப்பைப் பற்றிச் சீமோன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த பேர்ணடெற் ஒரு மன்னார்ப் பெண். அவள் தராசுப் பக்கமே போகவில்லை. புயத்தைச் சுற்றி நாடா பிடித்து அளந்தாள். பிறகு கைப்பலத்தை அளக்கும் ஒரு பிடிக் கருவியைக் கொடுத்து, பலங்கொண்டமட்டும் நசுக்கச் சொன்னாள். முள் சோம்பலாக அசைந்தது.

“உது பழுது,” என்றார் தலைவர்.

சந்திரவதனா அதை வாங்கி ஒருதரம் நசுக்கினாள். முள் பாய்ந்தது.

“மெசினிலை பிழையில்லை அங்கிள். உங்கடை வயித்துக்குள்ளை கிடக்கிறது தண்ணி. தராசு அதையும் சேர்த்து நிறுக்குது. தசையெல்லாம் கரைஞ்சு போச்சு. நீங்கள் பட்டினி கிடக்கிறியள்.”

“நானோ? பட்டினியோ?” அகதியாக வந்திறங்கிய நாளில்கூட அவரை அப்படி ஒருவரும் அவமதித்ததில்லை.

வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீரை வடித்தார்கள். கண்ணாடியில் தெரிந்த ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பும் வழியில், 401 நெடுஞ்சாலையில், காருக்குள் இருந்து அழுதார். அவருக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று சந்திரவதனா ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

பேர்ணடெற் சொன்னபடி அன்று முதல் வீட்டில் மீனும் முட்டையும் பருப்பும். உப்பு குறைந்தது, ஊறுகாய்ப் போத்தல் குப்பைக்குப் போனது. படுக்கைக்குப் போகுமுன் பாலும் பாண் துண்டும் கட்டாயம். சில மாதங்களில் தலைவர் பக்கக் கம்பியைப் பிடிக்காமல் பேஸ்மென்ற் படி ஏறினார்.

சரியாக அப்போதுதான் சீமோன் அவசரக் கூட்டம் வைத்தார். “தலைவர் உருகிப்போனார். ஒரு விசேட பிரார்த்தனை வைக்கவேணும்.”

“ஆருக்கு?” என்று முன்வரிசையிலிருந்து தலைவர் கேட்டார்.

“உங்களுக்குத்தான் அண்ணை. இருங்கோ, எழும்பாதேங்கோ.”

பிரார்த்தனை நடந்தது. சிலர் அழுதும் காட்டினார்கள். தலைவர் நன்றியுரை வழங்கினார்.

அடுத்த வசந்தத்தில், சத்திர சிகிச்சையைத் தாங்கும் உடம்பு வந்துவிட்டதென்று, மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிரார்த்தனையின் பலன் என்று தமிழ்ப் பத்திரிகையில் சீமோன் அரைப்பக்க விளம்பரம் போட்டார். அதில் சீமோனின் படம் பெரிது. தலைவருடைய படம் பழையது, வயிற்றோடு எடுத்தது.