அசையாத முள்

ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. முனையில் சிறு காந்தம், உள்ளே முடியைப் போன்ற செம்புக் கம்பிச் சுருள், பின்னால் ஒயர் சொருகும் வாய். என் காரிலிருந்து கழற்றிய அந்தக் கிராங்க் சென்சாரைக் கையில் வாங்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதை வைத்துக்கொண்டா என் கணவரின் அண்ணன் ஐந்து மாதம் என்னை அத்தனை பேச்சுப் பேசினார்?

எடப்பாடியில் அவருக்குச் சொந்தமாகக் கார் பட்டறை இருந்தது. நான் சங்ககிரிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்து, பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போதே அவருக்குப் பிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. அரைமணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்பியது. பட்டறையில் விட்டேன். பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார். மறுவாரம் மறுபடி நின்றது.

"வண்டியில ஒன்னுமில்லீங்க. ஓட்டறவங்களுக்குக் கை பழகல, அவ்வளவுதான்" என்றார், டீ குடிக்க வந்தவர்களைப் பார்த்து. என்னிடம் நேராகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நின்றுபோன வண்டியில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் சுற்றின் வேகத்தைக் காட்டும் முள் பூஜ்யத்திலேயே கிடக்கிறது. அதைச் சொன்னேன். "பாடம் பள்ளிக்கூடத்துல நடத்து அம்மிணி" என்றார். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள்.

பிறகுதான் சங்ககிரி ரோட்டில் அது நடந்தது. பின் இருக்கையில் என் மகள். பாலத்து ஏற்றத்தில் வண்டி உயிரை விட்டது. பின்னால் வந்த லாரி போட்ட பிரேக்கில் ரப்பர் கருகிய வாடை எங்கள் வண்டிக்குள் வந்தது. லாரி டிரைவர் இறங்கி வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சூடு ஆறினா கெளம்புதுங்களா? கிராங்க் சென்சாராத்தானுங்க இருக்கும். எங்க வண்டியும் இப்படிப் படுத்திச்சு" என்றார்.

வீட்டுக்குப் போனதும் நடந்தது விசாரணை. நான் மகளைக் கொல்லப் பார்த்ததாகச் சொன்னார் கணவரின் அண்ணன். காரின் சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைப் பட்டறைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பஸ். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சென்சாரைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. நான் வருடாவருடம் நடத்தும் பாடம் அது. என்ஜின் தண்டோடு சுற்றும் பல்சக்கரம் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் சுருளில் சிறு மின்துடிப்பு எழும். அதை வைத்துத்தான் எப்போது பெட்ரோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. சுருளின் கம்பி எங்காவது விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து துடிப்பு அறுந்துபோகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். துடிப்பு இல்லையென்றால் முள்ளும் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரோடு பட்டறைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி அப்படியே விடுங்க மாமா. தானா நிக்கட்டும்."

"எனக்கு வேற சோலி இல்லையா?"

"நானே பண்ணிக்கிறேன். சாவியக் குடுங்க."

அத்தனை பேர் பார்க்க மறுக்க முடியவில்லை. முக்கால் மணி நேரத்தில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினேன்; என்ஜின் சுற்றியும் முள் அசையவில்லை. சென்சார் ஒயரைப் பிடுங்கி மீட்டரை வைத்தேன். சுருளில் தொடர்பே இல்லை. ஈரத்துணியைச் சுற்றி வைத்துக் காத்திருந்தேன். சற்று நேரத்தில் மீட்டரில் எண் வந்தது. ஒயரைச் சொருகிச் சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது, வண்டி கிளம்பியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிய வெளிய எடு. எடத்த அடைச்சுட்டு நிக்குது" என்றார்.

எடுத்தேன். சாவியை அவரிடம் திருப்பித் தரவில்லை. வேறு பட்டறையில் புதுச் சென்சார் போட்டேன். அங்கிருந்த மெக்கானிக், முனையில் இரும்புத்தூள் ஒட்டாமலும் ஒயர் வாயில் ஆயில் இறங்காமலும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன். அதன்பின் வண்டி வழியில் நின்றதில்லை.

அடுத்த வருடம் ஒரு சீர் விருந்தில், கணவரின் அண்ணன் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிர்வரிசையில் இருந்தேன். "அது பொய்யிங்க மாமா" என்றேன். பந்தி முழுக்கக் கேட்டது. பாதி இலையில் எழுந்து போனார்.

"ஆம்பளைய சபையில அப்படிக் கேக்கலாமா சாமி?" என்று மாமியார் அழுதார்.

"என்னைய அவர் சபையிலதானுங்க கேட்டாரு, அத்தை."

இப்போது கணவரின் அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கிறார். போய்ப் பார்த்து வரலாம் என்று என் கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடாமல் தனியாகவே கிளம்பினார். வண்டி வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய், திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.