பொங்கும் முன் அணைப்பவள்

பால் பொங்குவதற்கு முன்பே அக்கா அடுப்பை அணைத்துவிட்டாள்.

“இன்னும் பொங்கலையேக்கா” என்றாள் தங்கை.

“பொங்கும்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் என்ன வேடிக்கை பாக்குறது?”

“குடிக்கிறவங்க வயிறு ‘பொங்குச்சா’ன்னு கேக்குமே.”

“உன் வயித்துக்கு ரொம்பத்தான் வாய்” என்றவள், டம்ளரோடு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கத் தொடங்கினாள்.

அவள் உட்கார்ந்து குடித்து யாரும் பார்த்ததில்லை. கதைப் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பாள். எதிரில் இருப்பவர் கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிடும். பல சமயம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும். அலுவலகத்தில் அவளுக்கு ‘வெந்நீர்’ என்று பெயர். காலில் கொட்டிக்கொண்டதைச் சொல்கிறார்கள்.

அவளுடைய வேலை, காற்றைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது. ஒலியை முந்திப் பாயும் காற்று ஒரு சரிவில் மோதித் திசை மாறும்போது அதிர்ச்சி அலை எழும். உலோகச் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக ஊர்ந்துவரும் காற்றின்மேல் அந்த அலை விழுந்தால், படலம் சுவரை விட்டு விலகிக் குமிழாகப் புடைக்கும். “அவசரக்காரன் சோம்பேறி மேல விழுந்தா என்ன ஆகும்? அதுதான் என் பொழைப்பு” என்பாள்.

போன மாதம் அவள் கணக்கை நம்பி ஓர் எஞ்சினின் காற்று நுழையும் வாய்க்குத் தகடு செய்தார்கள். சோதனைக்கூடத்தில் அது விரிசல் விட்டது. அந்தக் குமிழ் சும்மா இருப்பதில்லை. மூச்சு விடுவதுபோல மெதுவாகப் புடைத்துச் சுருங்கி, தகட்டை உலுக்கிக்கொண்டே இருக்கிறது. கணினியில் அது தெரிய, கணக்கை நெடுநேரம் ஓடவிட வேண்டும். அக்காவோ, குமிழ் அடங்கிவிட்டதென்று பாதியிலேயே நிறுத்திச் சராசரி எடுத்துவிட்டாள். குமிழ் முதல் மூச்சைக்கூட விட்டு முடித்திருக்கவில்லை.

மேலாளர் திட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இதுவும் தவறினால் வேலை வேறு கைக்குப் போகும் என்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம் என்று வீட்டில் புலம்பினாள்.

ஞாயிறு காலை, ஓடிக்கொண்டிருந்த கணக்கின் கோடு மடிக்கணினித் திரையில், குமிழ் அடங்கிவிட்டதுபோல, மறுபடி நேராகப் போயிற்று. நிறுத்தும் பொத்தான்மேல் அக்காவின் விரல் ஊர்ந்தது. முழங்கால் ஆடியதில் மேசையும் ஆடியது. சட்டென்று மடிக்கணினியைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

“பாஸ்வேர்டை மாத்திடு. நான் கேட்டாச் சொல்லாத. அழுதாலும் சொல்லாத.”

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தங்கை முதல் எழுத்தைத் தட்டியதும், இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.