காப்புக் கட்டியவரிடம் கேட்ட கேள்விகள்

நமாகா ஊரில் ப்ரேமிலாவின் வாய்க்குப் பயப்படாதவர் ஒரே ஒருத்தர்தான். அவருக்குக் காது கேட்காது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது அவள் வேலை. ட்ராசா கிராமத்தில் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்ததும், பிறந்த வீட்டைத் தானே பிரித்துத் தகரத்தை விற்றுவிட்டு வந்தவள். இங்கே மகேந்திராவின் மாடிவீட்டில், கீழே இரண்டு அறையில், புருஷன் சலேஷும் மகள் நிகிதாவும் அவளுமாக வாடகைக்கு இருந்தார்கள்.

மகேந்திரா, இரண்டாயிரமாம் வருஷம் துப்பாக்கிக் கும்பல் இந்தத் தீவின் ஆட்சியைக் கவிழ்த்தபோது, "இந்த நாட்டுலே மனுஷன் இருப்பானா?" என்று அழுதுவிட்டு சிட்னிக்கு விமானம் ஏறியவர். போன சூட்டோடு, தன்னைப் போலவே ஓடியவர்களின் வீடுகள் இரண்டை மலிவாக வாங்கிப்போட்டார். மனுஷன் இருக்க முடியாத நாட்டில் இப்போது அவருக்கு மூன்று வீடு. வாங்கிய இரண்டும், இந்த வீட்டு மேல்மாடியும் பூட்டிக் கிடந்தன. விலை ஏறுமாம். பக்கத்துக் கொட்டகையில் ஒன்பது பேர் நெருக்கியடித்துப் படுக்க, மேல்மாடியில் பல்லிகள் ஆளுக்கொரு அறையில் வசித்தன.

அடுத்த வருஷம் தீமிதிக்கு அவர் வந்து இறங்கினார். மிதிப்பவர்கள் பத்து நாள் மாரியம்மன் கோயிலிலேயே தங்கி, உப்பில்லாச் சோறு தின்று, தரையில் படுக்க வேண்டும். கையில் மஞ்சள் காப்பு ஏறிவிட்டால் கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. ப்ரேமிலாவும் காப்புக் கட்டியிருந்தாள். மூன்றாம் நாள், சாப்பாட்டு வரிசையில், அவர் மெல்லச் சொன்னார்.

"மாசக் கடைசியிலே வீட்டைக் காலி பண்ணிக் குடும்மா. விக்கப் போறேன்."

அவள் கையில் காப்பு இருக்கும் நேரம் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்! நிகிதாவுக்கு வருஷக் கடைசியில் பெரிய பரீட்சை. இந்த வாடகைக்கு வேறு வீடு ஊரிலேயே இல்லை. கோயிலில் சொல்லத் தகாத பன்னிரண்டு வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. ப்ரேமிலா சோற்றோடு சேர்த்து விழுங்கினாள்.

"நீங்க என்ன வேண்டிக்கிட்டு மிதிக்கிறீங்கண்ணே?"

மகேந்திரா பூசாரியைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார். "வீடு நல்ல விலைக்குப் போகணும்னு."

"நான் அந்த வீட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு. மாரியம்மா பாடுதான் திண்டாட்டம்."

வரிசை கொல்லென்று சிரித்தது. முன்னால் நின்ற ஏழுமலை, கொட்டகையில் படுக்கும் ஒன்பது பேரில் ஒருவர், பணிவாகத் திரும்பினார்.

"அண்ணே, மேல்மாடி எத்தினி மாசமா பூட்டியிருக்கு?"

"பதிமூணு."

"உள்ளே யாரு இருக்கா?"

"யாருமில்லே."

"ஏன் வாடகைக்கு விடலே?"

"ஆள் இருந்தா அழுக்காகும். விலை குறைஞ்சிடும்."

"அப்போ வீடுன்னு கட்டறது எதுக்குண்ணே?"

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் கோயிலுக்கே அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. குளிக்கிற இடத்தில் ஒருத்தர், மஞ்சள் அரைக்கிற இடத்தில் ஒருத்தி, பாய் விரிக்கும்போது இன்னொருத்தர் என்று கேள்வி கேட்டார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. அவர் நடையைக் கட்டினால், "கோபமாண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். "இல்லேப்பா, இல்லே!"

ஒன்பதாம் நாள் அவர் ப்ரேமிலாவின் எதிரே வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"அரே, எல்லாரையும் நிறுத்தச் சொல்லும்மா."

"நான் யாரையும் ஏவலேண்ணே. காப்போட சொல்றேன்."

"சரி. பொண்ணு பரீட்சை எழுதட்டும். ஒரு வருஷம் இரு."

"காப்பு கையிலே இருக்கறப்பவே பூசாரிகிட்டே வந்து சொல்லிடுங்க."

சொன்னார். மேல்மாடியை ஏழுமலைக்கு விடுவீர்களா என்று அவள் கேட்டதற்கு, "முடியாது" என்றார். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் இருவரும் தீ மிதித்தார்கள். காப்பை அவிழ்த்துவிட்டு ப்ரேமிலா வீடு வந்தபோது, சலேஷ் காலி பண்ணச் சொன்ன சேதியை மட்டும் கேட்டுச் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தான். ஒரு வருஷம் கிடைத்ததைச் சொன்னதும், "பிரிச்சிடவா?" என்றான். நிகிதாவின் புத்தகங்களையும் சமையல் பாத்திரத்தையும் மட்டும் அவளே எடுத்து வைத்தாள். மற்றதைப் பிரித்து என்ன, திரும்பக் கட்டத்தானே வேண்டும்? அந்த எரிச்சலில், ஒரு வாரமாக அடக்கிய பன்னிரண்டும் பாவம் அவன் தலையில் விழுந்தன. அவன் அவள் பாதத்துக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தான்.