ஒன்பது இறக்கையில் வந்த தாய்வீடு

என் தம்பிக்கு ஒழுங்காகப் பறக்கிற விமானங்கள் பிடிக்காது. யாருமே கட்டியிருக்கக் கூடாத விமானங்கள்தான் பிடிக்கும். உத்திரமேரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பு கேட், கிரில் செய்யச் சொல்லி வருகிறவர்களிடம் அளவு கேட்பதற்கு முன்னால் செல்போனை நீட்டிவிடுவான். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் வெள்ளைக்காரர்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருந்த காலத்தில் கட்டிய ராட்சத விமானங்களின் படங்கள் அதில் இருக்கும். பன்னிரண்டு எஞ்சின் வைத்த ஜெர்மன் விமானம். வயிற்றுக்குள் அச்சாபீசும் சினிமாக் கொட்டகையும் வைத்த ரஷ்ய விமானம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் உயிரையே வைத்திருந்தது ஓர் இத்தாலிக்காரர் கட்டிய ஒன்பது இறக்கை விமானத்தின் மேல். தண்ணீரில் மிதக்கிற ஒரு வீட்டின் தலைமேல் மும்மூன்றாக இறக்கைகளை அடுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இது விழும் என்று பார்த்தவுடனே எனக்கே தெரிந்தது.

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது என் கவலை வேறாக இருந்தது. தாய்மாமன் சீர் என்றால் தாய்வீட்டு ஜனம் மேளத்தோடு, ஆளுக்கொரு தட்டு ஏந்தி வரவேண்டும். என் தாய்வீட்டில் ஜனமே கிடையாது. அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள். பெரியப்பா வீட்டாரோடு ஒரு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. மிச்சம் இந்த வெல்டிங்காரன் ஒருவன்தான். நான் வாழ்க்கைப்பட்டதோ தென்னேரியில், ஒரு குரல் கொடுத்தால் தெருவே பங்காளியாக எழுந்து வருகிற குடும்பத்தில்.

சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த என் மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க அம்மா வூட்டு ஜனம் யாராவது வர்றாங்களாம்மா?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டு அவர் சமையல்காரரைப் பார்த்த பார்வையிலேயே பதிலும் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு அழுதேன். கவலைப்படாதே அக்கா, ஜனத்தோடுதான் வருவேன் என்றான். எந்த ஜனம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விசேஷத்தன்று காலையில் ஏரிக்கரை மேல் அது வருவதைப் பார்த்தவர்கள் ஏதோ கட்சி மாநாட்டு வண்டி வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். டிராக்டர் இழுத்த டிரெய்லரின் மேல் வரிசையாக ஜன்னல் வெட்டிய ஒரு நீளப் பெட்டி. அதற்கு மேல் சவுக்குக் கட்டையில் ஒன்பது இறக்கைகள். வாலாஜாபாத் தாண்டும் வரை அவற்றைத் தனியாக எடுத்து வந்து, கரை ஏறிய பிறகு பூட்டியிருக்கிறான். பழைய பிளெக்ஸ் பேனர்களால் இறக்கைகளைப் போர்த்தியிருந்தான். ஒன்றில் மஞ்சள் நீராட்டு விழா, ஒன்றில் கபடிப் போட்டி, நடு இறக்கையில் யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி. இத்தாலிக்காரர் வைத்த எட்டு எஞ்சினுக்குப் பதில் எட்டு டேபிள் ஃபேன். தம்பி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, இத்தாலிக்காரனே பொறாமைப்படுகிற முகத்தோடு நின்றான்.

ஆனால் நான் பார்த்தது ஜன்னல்களைத்தான். வேட்டி சட்டையிலும் புடவையிலும் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பெரியப்பா வீட்டார் மனசு மாறி வந்துவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மேளத்தோடு எதிர்கொள்ளக் கரைக்கு வந்திருந்த மாமியார் ஆரத்தித் தட்டும் கையுமாக ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தார்.

அப்போது கண்ணீர் அஞ்சலி இறக்கை ஒரு புளியங்கிளையில் மாட்டியது. டிராக்டர்காரர் அதைக் கவனிக்காமல் இழுத்தார். டிரெய்லர் ஒருக்களித்து, திறந்திருந்த வால் ஏரிப்பக்கம் தொங்கியது. உள்ளே இருந்த ஜனம் அத்தனையும், ஒருவர்கூடக் கத்தாமல், வால்பக்கம் சரிந்து ஏரிக்குள் விழுந்தது.

என் புகுந்த வீட்டாரை அதுவரை நான் என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் ஒரு நொடி யோசிக்கவில்லை. புதுப் பட்டு வேட்டியோடு மாமனார் குதித்தார். என் கணவர் குதித்தார். நாயனக்காரர்கூட நாயனத்தை யார் கையிலோ திணித்துவிட்டுக் குதித்தார். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர், முழங்கால் வரை சேறு. மாமனார் ஒரு வேட்டி சட்டைக்காரரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி, முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து மணல் கொட்டியது.

எல்லாம் சிமெண்ட் சாக்கு. எல்லாம் மணல் மூட்டை.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அந்த நேரத்தில் தம்பி எல்லாருக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அந்த விமானத்திலும் ஆளை ஏற்றாமல் ஆள் எடைக்கு மூட்டைகளைத்தான் ஏற்றினார்களாம். அதுவும் கொஞ்சம் எழும்பி ஏரியில்தான் விழுந்ததாம். மூட்டைகளைக் கட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன்.

"ஒரிஜினல்லயும் கட்லக்கா" என்றான்.

மாமனார் வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "அத்த ஓட்டனவன் பொயச்சானா?"

பிழைத்துவிட்டான் என்று தம்பி சொன்னதும், பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். யாரோ சிரித்தார்கள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன். எனக்கு நாதியில்லை என்பதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இவன் அதற்குப் புடவை கட்டிவிட்டு ஊர் பார்க்க ஊர்வலம் விட்டிருக்கிறான்.

என் கணவர் கடைசியாகக் கரையேறினார். அவர் கையில் இருந்த மூட்டை அரக்குப் புடவை கட்டியிருந்தது, பச்சைக் கரை. மற்ற மூட்டைகளுக்கெல்லாம் தம்பி பழைய துணி வாங்கிச் சுற்றியிருந்தான். இதற்கு மட்டும் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் ஊக்கு குத்தி விட்டிருந்தான்.

மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருதும்மா இந்தப் பொடவை?"

"அம்மாவுது அத்தை."

சிரிப்பு நின்றது. என் கணவர் மூட்டையைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"சம்பந்திய சேத்துல எறக்காதடா" என்றார் மாமியார். "பந்தலுக்கு இட்டுனு போயி நாற்காலில ஒக்கார வை."

அம்மா உயிரோடு இருந்தவரை அந்த வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. உங்கம்மா, அந்தம்மா, அவ்வளவுதான். இப்போது அவரே பின்னால் போனார். முன்வரிசையில் உட்கார வைத்த மூட்டைக்குச் சந்தனம் தொட்டு வைத்தார். ஈர முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். நான் வாய்விட்டு அழுதேன். தம்பியும் அழுதான்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு நடந்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து என் மகள் வீறிட்டு அழுதபோது என் தாய்வீட்டு வரிசையில் நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை.