ராஜா குரலை விழுங்கிய பெட்டி

எண்பதாம் வருஷம் பிறந்த சமயம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட்டும் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் புனல் ஸ்பீக்கர்தான் கத்தும். யாராவது சத்தம் சரியில்லை என்று வாயைத் திறந்தால் போதும், "வோல்டேஜ் இல்ல, நான் இன்னா பண்றது?" என்று எரிந்து விழுவேன். தன் பெட்டியில் கோளாறு என்று எந்த மைக் செட்காரனும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

என் மனைவியின் தம்பி மானாம்பதியில் பயிர் வைத்துக்கொண்டு, சீசனில் கூத்தில் வேஷம் கட்டுவான். துரியோதனன் என்றால் அவன்தான். பீமனிடம் துரியோதனன் விழுகிற படுகளம்தான் பாரதக் கூத்தின் கடைசி நாள். அந்த வருஷம் தொண்டையில் புண் வந்து ஒரு மாதம் பேசாமல் கிடந்தான். புண் ஆறியது, குரல் எழும்பவில்லை. கூத்து வாத்தியார் நேராகவே சொல்லிவிட்டார்: "படுகளத்தன்னிக்கு கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா, அடுத்த வருசம் வேற ஆளுக்குத்தான் கிரீடம்."

அவன் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "மாமா, எனக்குன்னு ஒரு மைக் தனியா வையேன்."

"ஒண்ணு இன்னாடா, ரெண்டு வைக்கிறேன்" என்று சவடாலாகச் சொல்லிவிட்டேன். என் ஆம்ப்ளிபயரிலோ மைக் சொருக ஒரே ஓட்டை. இரண்டு மைக்கை அதில் சேர்த்துக் கட்டினால் ஒன்றையொன்று இழுத்து இரண்டுமே சோர்ந்துபோகும். நாலு வாய்க்கால் தண்ணீரை ஒன்றையொன்று எதிர்க்காமல் ஒரே கால்வாயில் சேர்த்துவிடுகிற மாதிரி நடுவில் ஒரு பெட்டி வேண்டும்.

மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையில், மூடிப்போன ரெகார்டிங் ஸ்டூடியோவின் மிக்சர் மேஜையைக் கோணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். முழு மேஜை எனக்கெதற்கு? தள்ளி ஏற்றுகிற கன்ட்ரோல் நாலு, தீப்பெட்டி அளவு மைக் டிரான்ஸ்பார்மர் நாலு, கொஞ்சம் டிரான்சிஸ்டர், இதை மட்டும் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

பத்து நாள் கடையில் ஈயப் புகைதான். பிஸ்கட் டின்னை வெட்டிப் பெட்டி செய்தேன். முதலில் உம்மென்று இரைந்தது, எர்த் கம்பியை மாற்றியதும் அடங்கியது. டிரான்ஸ்பார்மர் ஒயர்களெல்லாம் நிறம் வெளுத்து, எது எதுவென்று தெரியவில்லை. எப்படிக் கொடுத்தாலும் சத்தம் வருமே என்று பற்றவைத்தேன். வந்தது. ஒவ்வொரு மைக்காக வாயருகே பிடித்துப் பேசிப் பார்த்தேன், நாலும் கணீரென்றன. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

படுகளத்தன்று காலை. மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவத்துக்குப் பக்கத்தில் பந்தல். பாட்டுக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு ஒன்று. மிச்சம் இரண்டையும் துரியோதனன் உட்காருகிற ராஜா பெஞ்சுக்கு மேலே இடமும் வலமும் சமதூரத்தில் தொங்கவிட்டேன். பீமன் ஓரமாக நின்று உறுமினான், ஏரிக்கரை வரை கேட்டது. என் மச்சான் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். தகர டப்பாவுக்குள் கொசு கத்தின மாதிரி ஏதோ வந்தது. அவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தக் கத்த, கன்ட்ரோலை நான் ஏற்ற ஏற்ற, அதே கொசு. பின்வரிசையில் சிரித்தார்கள்.

பதற்றத்தில் கை தவறி இடது மைக்கின் கன்ட்ரோலை முழுக்க இறக்கிவிட்டேன். சட்டென்று அவன் குரல் முழுசாக எழும்பியது. ஒரே வரிதான், அதற்குள் ஆட்டத்தை நிறுத்தித் திரை பிடித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு டிரான்ஸ்பார்மரின் ஒயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன். ஒரு மைக் தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது. ஒரு மைக்குக்கு மட்டும் கிட்டே, ஓரமாக நின்ற பீமன் தப்பித்தான். சரியாக நடுவில் உட்கார்ந்தவன் குரல் இரண்டிலும் சமமாக விழுந்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிட்டது.

திரைக்குப் பின்னால் அவன் கிரீடத்தை அவிழ்த்து மடியில் வைத்திருந்தான். "வுடு மாமா. நீ இன்னா பண்ணுவ? என் தொண்ட அவ்ளோதான்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, கொரல் போச்சா, பொட்டி போச்சா?"

வோல்டேஜ் என்ற வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது. ஆனால் பீமன் குரலை ஊரே கேட்டிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் பழி முழுக்க மச்சான் தொண்டைக்குத்தான் போகும். "பொட்டிதான். ஒயர நான்தான் தலகீயா குட்த்துட்டேன்" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? ஊருக்குச் சொல்லு. அந்த பெஞ்சிலயே குந்திக்கினு சொல்லு."

அந்த டிரான்ஸ்பார்மரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. போய் ராஜா பெஞ்சில் நட்டநடுவில் உட்கார்ந்து, "தப்பு என் பொட்டிலதான். அவன் கொரல்ல ஒரு கொறையும் இல்ல" என்றேன். கடைசி வரிசையில் ஒருவர் கேட்கிறது என்று துண்டை ஆட்டினார். கிரீடத்துக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லித் திரைக்குப் பின்னால் மச்சான் யாரையோ அதட்டினான். அதையும் சேர்த்து மைக் இழுக்க, ஊரே கேட்டது.