மூன்றாவது காது

செவேரோ நீனாவிடம் காலையில் ஒரு கேள்வி கேட்டால் சாயங்காலம்தான் பதில் வரும். அதுவும் அரைப் பதில். தேநீரா, சோளக்கஞ்சியா என்று மனைவி நெலி கேட்பாள். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்" என்பான். சுரங்க ஊரில் பிறந்து, சுரங்கத்துக்குள் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்தே இருபத்தாறு வயதைத் தொட்டவன். கடைசியில் யாரோ ஜீப் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள், ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்த ஜீப் சஹாமா மலையடியில் வந்து நின்ற இடத்தில் நெலி லாமா மேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தையும் அவள்தான் முடிவு செய்தாள். இவனிடம் விட்டிருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

ஜீப்பில் வந்தவர்களில் பாதிப்பேர் மலையைப் படம் எடுக்க வந்தவர்கள். விடியும்போது முக்காலியை நட்டு, விரல் விறைக்க விறைக்க நிற்பார்கள். செவேரோ கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். பார்த்துப் பார்த்தே வித்தை பிடிபட்டுவிட்டது. ஒருரோ நகரச் சந்தையில் பழைய கேமரா ஒன்றை வாங்கினான்.

வித்தை இதுதான். காலடியில் உறைபனி பூத்த புல்திட்டைக் கூர்மையாக எடுத்தால் தூரத்து மலை மங்கிவிடும். மலையைக் கூர்மையாகப் பிடித்தால் புல் கலங்கிவிடும். வானத்துக்குத் தக்கபடி ஒளியை வைத்தால் தரை கரியாகும். தரைக்கு வைத்தால் வானம் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். ஆகவே கேமராவை அசைக்காமல் பக்கத்துக்கு மூன்று, நடுவுக்கு மூன்று, தூரத்துக்கு மூன்று என்று எடுக்க வேண்டும். மூன்றிலும் அளவான ஒளியில் ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. ஆக ஒன்பது. கணினியில் போட்டால் ஒவ்வொன்றிலும் நல்லதைப் பொறுக்கி ஒரே படமாக ஒட்டிக் கொடுக்கும்.

எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், எதையும் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். செவேரோவுக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

ஊரில் புதுக் கூட்ட மண்டபம் கட்டினார்கள். அதன் சுவருக்கு மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு படம் வேண்டும் என்று தலைவர் தியோனிசியோ கேட்டார். செவேரோ மார்ச் மாதம் எடுத்த படத்தைக் கொடுத்தான். முன்னால் புல்திட்டு, நடுவில் அவன் மச்சான், நெலியின் அண்ணன் ரொசெந்தோவின் கல்பட்டி, பட்டி வாசலில் ஒரு பழுப்பு லாமா, பின்னால் பனி போர்த்திய இரட்டை மலை. புல்லின் நுனியும் தெரிந்தது, மலையின் விரிசலும் தெரிந்தது. மாட்டிய அன்று ஊரே வந்து வாயைப் பிளந்து பார்த்தது.

முதலில் சிரித்தது தலைவர்தான்.

"ஏம்பா செவேரோ, இது எந்த ஊர் லாமா? மூணு காது வச்சிருக்கு!"

உண்மைதான். லாமாவுக்கு இரண்டு காது ஒழுங்காக இருந்தன. இடது காதின் பின்னால் மூன்றாவதாக ஒன்று நட்டுக்கொண்டு நின்றது. ஒன்பது படம் எடுப்பதற்குள் மலை அசையாது. லாமா அசையும். அசைந்ததைக் கணினி அழித்துவிடும். சில நேரம் எச்சம் மிச்சம் நின்றுவிடும். இதை அவன் விளக்க ஆரம்பிப்பதற்குள் மண்டபமே சிரித்தது.

"ஒன்பதை ஒட்டினா மூணு காது வருது. நல்லவேளை, தொண்ணூறை ஒட்டல" என்றான் ரொசெந்தோ. ஊர்த் தலைமை வீட்டுக்கு வீடு மாறி வரும்; அடுத்த வருஷம் தலைவர் கோல் அந்த முறைப்படி அவன் வீட்டுக்கு வர வேண்டும். அந்த மிதப்பில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

சிரிக்காதவள் பசிலியா ஒருத்தி. புருஷன் எல்லைக்கு அப்பால் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்க, இங்கே தனியாக மந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். படத்தின் அருகில் போய், அந்த மூன்றாவது காதின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இது எங்க வீட்டுக் காது" என்றாள்.

சிரிப்பு நின்றது. இங்கே ஒவ்வொரு வீட்டு லாமாவுக்கும் அடையாளமாக ஒரு காது வெட்டு உண்டு. குட்டியிலேயே வெட்டிவிடுவார்கள். ரொசெந்தோ வீட்டில் இடது காது நுனியைச் சதுரமாக நறுக்குவார்கள். பசிலியா வீட்டில் புறாவால் மாதிரி நடுவில் பிளந்துவிடுவார்கள். மூன்றாவது காதின் நுனியில் ஒரு பிளவு இருந்தது. மார்ச்சில்தான் பசிலியாவின் ஒரே ஆண் லாமா, சந்தையில் பரிசு ரிப்பன் வாங்கியது, காணாமல் போயிருந்தது.

"அக்கா, அது ரெண்டு காது ஒண்ணு மேல ஒண்ணு ஏறினதுல வந்த பிளவு" என்றான் ரொசெந்தோ. "மாப்ளே, சொல்லேன்யா. ஒட்டுப்போட்ட படம்தானே இது?"

எல்லாரும் செவேரோவைப் பார்த்தார்கள். தலை ஆடினால் காதின் விளிம்புகள் குறுக்கே விழுந்து அப்படிப் பிளவாகத் தெரியலாம். வேறொரு லாமா நின்றிருந்தாலும் அப்படித் தெரியலாம். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"அப்படியும் இருக்கலாம்" என்றான். "இப்படியும்…"

"அட போய்யா!" என்றது கூட்டம்.

விஷயம் அதோடு முடியவில்லை. பசிலியா திருட்டு என்ற வார்த்தையைச் சபையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னால் தீர்ப்பு உண்டு. நிரூபணமானால் ரொசெந்தோ இரண்டு மடங்கு லாமா கொடுக்க வேண்டும், கோல் அவன் வீட்டுப் படி ஏறாது. நிரூபணமாகாவிட்டால் பசிலியா அத்தனை பேர் நடுவில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என்று தலைவர் நாள் குறித்தார்.

நடுவில் இருந்த மூன்று நாளும் செவேரோவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் நட்ட முக்காலிக்கு முன்னால் நடந்தது தனக்கே தெரியவில்லை என்றால் ஊர் நம்புமா? அன்று அவன் கண் வானத்து வெளிச்சத்தில் இருந்தது. பட்டிப் பக்கம் பார்த்த ஞாபகமே இல்லை. பார்த்திருந்தாலும் சுரங்கத்துக்காரன் மகனுக்குக் காது வெட்டு எங்கே புரியும்? பத்து வருஷமாகியும் எல்லாக் காதும் அவனுக்குக் காதுதான். ஒரு நேரம் மச்சான் உத்தமன் என்று பட்டது. அடுத்த நேரம், அவன் ஏன் அவ்வளவு உரக்கச் சிரித்தான் என்று பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கணினியைத் திறந்து ஒன்பது மூலப் படங்களையும் வரிசையாக வைத்தான். முதல் மூன்றில் புல் மட்டும் கூர்மை. பட்டி வெறும் கலங்கல். கடைசி மூன்றில் மலை. நடுவில் நாலாவது, ஐந்தாவது படங்களில் ஒரு லாமா, இரண்டு காது. ஆறாவது வெளிச்சம் தூக்கிய படம். வானமும் மலையும் வெளுத்துக் காணாமல் போய், தூக்கிப் போடுகிற மாதிரி இருந்தது. பட்டிச் சுவரின் நிழல் மட்டும் அதில் திறந்து கிடந்தது. நிழலுக்குள், வாசல் லாமாவுக்குப் பின்னால், இன்னொரு லாமா. கழுத்தில் ஒரு கயிறு.

"நெலி, இதைக் கொஞ்சம் பாரேன். இது என்னன்னு எனக்கு ஒண்ணும் விளங்கல."

பனியில் உறையவைத்துக் காயப்போட்ட சுன்யோ உருளைக்கிழங்கை ஊறவைத்துக்கொண்டிருந்த நெலி ஈரக் கையோடு வந்து குனிந்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் பார்த்தாள்.

"காது பசிலியா அக்கா வீட்டுது. கயிறு எங்க வீட்டுது. கறுப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி எங்கம்மா பின்னினது. இந்தப் படம் என்னிக்கு எடுத்தே?"

"மார்ச் பதினாறு. காலையில."

"பதினாறாந்தேதி மத்தியானம் எங்கண்ணன் அக்கா கூட ஆத்தங்கரை பூரா லாமா தேடிட்டு வந்து, கால் வலிக்குதுன்னு நம்ம வீட்லதான் உக்காந்திருந்தான்."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

அவள் கணினியை மூடினாள். மூடியின் மேல் ஈரக் கைத்தடம் விழுந்தது.

"எங்கிட்ட கேக்காதே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவேரோ உட்கார்ந்தே இருந்தான். சொல்லச் சொல்கிறாளா, சொல்லாதே என்கிறாளா? தேநீரா கஞ்சியா என்பதிலேயே திணறுகிறவனுக்கு இதை எப்படித் தீர்ப்பது? சொன்னால் அவள் கூடப்பிறந்தவன் குடி கெடும். பேசாமல் இருந்தால் பசிலியா மண்டியிடுவாள். அந்த ஆறாவது படத்தை அழித்துவிடலாமா என்று இரண்டு தடவை விரலைக் கொண்டுபோய், இரண்டு தடவையும் எடுத்தான். தன்மேலேயே வெறுப்பாக வந்தது அவனுக்கு.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. மெல்லுவதற்கான கொக்கா இலைப் பை கைமாறிக்கொண்டிருந்தது. செவேரோ கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெலி பெண்கள் பக்கம். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தும் அவள் முகம் கொடுக்கவில்லை.

ரொசெந்தோ எழுந்தான். நன்றாகப் பேசத் தெரிந்தவன்.

"நான் ஒண்ணும் பெருசா சொல்லப் போறதில்ல. படம் எடுத்தவரு நம்ம மாப்பிள்ளை. அவரே சொல்லட்டும். மாப்ளே, ஒரே கேள்வி. இந்தச் சுவத்துல தொங்குதே, இந்த மாதிரி ஒரு காட்சி நிஜத்துல ஒரு நொடியாவது இருந்துச்சா?"

"இல்ல" என்றான் செவேரோ. அது நூற்றுக்கு நூறு உண்மை.

"மூணு காதோட லாமா இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப இந்தப் படம் பொய்தானே?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பொய்யும் ஆகாது, மச்சானும் பிழைப்பான். தலை தானாக ஆடியதா, அவன் ஆட்டினானா, அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் பலர் பெருமூச்சு விட்டார்கள். கோலுக்கு உரியவன் திருடனாக இருப்பதை யாரும் விரும்பவில்லை.

"அப்ப சரி" என்றார் தலைவர், வருத்தத்தோடு. "பசிலியா, முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

பசிலியா நடுவில் வந்தாள். அழவில்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தாள். பாவாடையைச் சற்றே தூக்கிக்கொண்டு ஒரு முழங்காலை மடக்கினாள். அவளுக்கு மூட்டு வலி. பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றித்தான் அவளால் கீழே இறங்க முடிந்தது. ஊன்றிய அந்தக் கையைச் செவேரோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, எந்திரிங்க" என்றான்.

தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் கணினியைத் திறந்து தலைவரின் கையில் கொடுத்தான்.

"சுவத்துல இருக்கிறது பொய்தான். ஒட்டுனது. இது ஒட்டாதது. ஒன்பதுல ஆறாவது. மார்ச் பதினாறு, காலையில ஆறே முக்கால்."

தலைவர் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். கணினி கை மாறி மாறிப் போயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. காதும் கயிறும் படிக்கத் தெரியாதவன் அந்த மண்டபத்திலேயே செவேரோ ஒருவன்தான்.

கணினி ரொசெந்தோவிடம் வந்தது. அவன் படத்தைப் பார்க்கவில்லை. செவேரோவைப் பார்த்தான்.

"உனக்குக் காது பாக்கத் தெரியாது மாப்ளே. பத்து வருஷமா தெரியாது. உனக்கு யார் சொன்னது?"

செவேரோ வாயைத் திறந்தான். பெண்கள் பக்கமிருந்து நெலியின் குரல் அதற்குமுன் வந்தது.

"நான்தான் பாத்தேன்."

எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள்.  அண்ணனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு வயசுல என்னை முதுகுல தூக்கிட்டுப் போயி, இது நம்ம காது, இது அடுத்த வீட்டுக் காது, மாத்திப் பிடிச்சிராதே பாப்பான்னு சொல்லிக்கொடுத்தது யாருண்ணே?"

ரொசெந்தோ தலையைத் திருப்பினான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். பசிலியா இன்னும் ஒரு முழங்காலில் பாதி எழுந்தபடி நின்றுவிட்டிருந்தாள். அவன் அவள் எதிரில் போய் இரண்டு முழங்காலையும் மடக்கினான்.

"உசுரோடதான் இருக்கு அக்கா" என்றான். "மேல் பட்டியில கட்டிருக்கேன். நானே ஓட்டிட்டு வரேன்."