திமிங்கிலத்தின் சாப்பாட்டில் கை வைத்தவர்

சிவரூபியின் கணவர் நிருபன் நல்ல சமையல்காரர். ஆனால் நாக்கு நீளம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, துபாயில் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் சோறு வடித்துக்கொண்டிருந்தவரை, தென்துருவக் கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் சமைக்கக் கம்பெனி அனுப்பியது. திமிங்கிலங்களையும், அவை தின்னும் கிரில் என்கிற சின்ன இறாலையும் கணக்கெடுக்கிற கப்பல் அது. "குளிரில விறைச்சுப் போவியள்" என்று சிவரூபி தடுத்துப் பார்த்தாள். பனிமலை பார்க்கிற ஆசையில் மனுசன் போய்விட்டார்.

துபாய் சத்வாவில், தான் வேலை செய்யும் தையல் கடையில் அவள் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது.

"ரூபி, ஒரு பிழை விட்டிட்டன். பிறீசருக்குள்ள ஒரு தட்டு கூனி இறால் இருந்தது. எங்கட கூனி மாதிரியேதான், கொஞ்சம் பெரிசு. வாய் ஊறிச்சுது. பொரிச்சு, தேங்காய்ப்பூ போட்டுச் சம்பலாக்கி எல்லாருக்கும் குடுத்திட்டன். இப்ப சொல்லுகினம், அது ஆராய்ச்சிக்குப் பிடிச்ச கிரிலாம்! விஞ்ஞானி நஜீஹா கப்டனிட்டப் போயிருக்கிறா..."

அதோடு சரி. அந்தக் கடலில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

அவர் வேலை போனால் விசா போகும். அவளுக்கும் மகள் கஜந்திக்கும் விசா அவரை நம்பித்தான். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும். பாவி மனுசன், ஊரில்தான் கூனியைக் கண்டால் கண் தெரியாது என்றால், உலகத்தின் அடியில் போயும் அப்படியா? கோபம் ஒருபக்கம், பயம் மறுபக்கம். கொக்கியைத் தலைகீழாக வைத்துப் பிரித்தாள். திரும்பவும் தலைகீழாகவே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் போட்டிம் ஆப் வீடியோவில் அவரே கூப்பிட்டார். பல்லெல்லாம் தெரிந்தது.

"அளந்து, படம் எடுத்து, எல்லாம் முடிஞ்ச மிச்சமாம், ரூபி. கடல்ல கொட்டத்தான் வச்சிருந்தவையாம். கப்டன் நல்லா ஏசினவர். இனிக் கேக்காமல் ஒண்டையும் தொடாதே எண்டார். பிறகு, சம்பல் மிச்சமிருக்கோ எண்டும் கேட்டார்."

"வேலை?"

"வேலைக்கென்ன, இருக்கு."

"திமிங்கிலம் உங்களை விழுங்கியிருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டன்!" என்று கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அது கிடக்கட்டும். நீர் சாப்பிட்டீரே?"

நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்துவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.